“ஓடுகிற ரவுட்டரை அப்டேட் செய்யலாமா?” – தலவாக்கலை வாசகியின் கடிதத்துக்குப் பதில்

தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவர் ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மூத்த மகன் இம்முறை உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருப்பதால், ஹட்டனுக்குப் போய்வர முடியாத நாட்களில் சூம் வழியாக டியூஷன் படிக்கிறான். இதற்காக மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் 4ஜி இணைப்பும் ரவுட்டரும் பெற்று, முன் அறை அலுமாரியின் மேல் வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு சிசிடிவி கமெரா உண்டு; கணவர் அதைக் கட்டாரிலிருந்தே தன் போனில் பார்ப்பார்.

இரண்டு வாரங்களாக, வீட்டு வைஃபையில் இருக்கும்போது மகனின் போனில், “உங்கள் ரவுட்டரின் ஃபேர்ம்வெயர் பழையது, பாதுகாப்புக்காக உடனே இதைத் தரவிறக்குங்கள்” என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தானாகத் திறக்கிறது. (ஃபேர்ம்வெயர் என்பது ரவுட்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்.) நிறுவனம் அனுப்பும் அறிவித்தல் என்று எண்ணி மகன் ஒரு தடவை அழுத்தியிருக்கிறான். ஏதோ ஒரு கோப்பு இறங்கியது. அதை நிறுவினானா இல்லையா என்பது அவனுக்கே சரியாக நினைவில்லை. போன் திருத்தும் கடையில் வேலை செய்யும் நாத்தனாரின் மகன், “அத்தை, நெட்டிலிருந்து வேற ஃபேர்ம்வெயர் எடுத்துப் போட்டுத் தர்றேன், எந்த சிம்மையும் போடலாம், ஸ்பீடும் கூடும்” என்கிறார். ஆனால், கொட்டகலையில் உள்ள தங்கை வீட்டில் சென்ற ஒக்டோபரில் ஒரு மாலை நேரம் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தபோது இடியோடு கரண்ட் போய்விட்டது. அந்த ரவுட்டர் பிறகு விழிக்கவே இல்லை. “ஓடுகிற சாமானை ஏன் நோண்டவேண்டும்?” என்பது மாமனாரின் கட்சி. அப்டேட் செய்வதா, மருமகனிடம் கொடுப்பதா, பழுதானால் யார் பொறுப்பு என்பவை வாசகியின் கேள்விகள். கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கும் கீழே, ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “வைஃபையில் என் போனில் வங்கியின் பக்கத்தைத் திறந்தால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது, அட்டை இலக்கமும் கேட்கிறது. டேட்டாவில் திறந்தால் வழக்கம்போல் வருகிறது. இதுவும் இணைப்பு மெதுவாக இருப்பதால்தானா?”

அன்புள்ள சகோதரிக்கு,

நான் ஒரு வலையமைப்புப் பொறியியலாளர். பல ஆண்டுகளாக மலையகத்து வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் இணைய இணைப்புகளை அமைத்தும் திருத்தியும் கொடுத்துவருகிறேன். நீங்கள் கேட்ட ஒழுங்கில் பதில் சொல்லாமல், கையெழுத்துக்குக் கீழே போகிறபோக்கில் எழுதிய அந்த வரியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நோயாளி எல்லாவற்றையும் சொல்லி முடித்து, எழுந்து வாசலுக்குப் போகும்போது, “டொக்டர், நெஞ்சும் கொஞ்சம் வலிக்கிறது” என்பதைப் போன்றது அது. இணைப்பு மெதுவாக இருந்தால் வங்கியின் பக்கம் தாமதமாக வரும், பாதியில் நிற்கும், சில வேளை வராமலே போகும். ஆனால் வேறு மாதிரி வராது; கேட்காத அட்டை இலக்கத்தைக் கேட்காது. ஒரே போனில் டேட்டாவில் சரியாகவும் வைஃபையில் வேறாகவும் வருகிறதென்றால், கோளாறு போனில் இருப்பதைவிட ரவுட்டரில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மகனின் போனில் தானாகத் திறக்கும் அந்த அறிவித்தலும் இதே கையின் வேலை என்றே நான் கருதுகிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

இதை வாசித்தவுடன் வீட்டிலுள்ள எல்லாப் போன்களிலும் வைஃபையை நிறுத்திவிடுங்கள். டேட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் வங்கியின் இலக்கத்துக்கு அழைத்து நடந்ததைச் சொல்லுங்கள். அந்த இலக்கத்தை உங்கள் அட்டையின் பின்புறத்திலிருந்து எடுங்கள், இணையத்தில் தேடி எடுக்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் அட்டை இலக்கத்தைக் கொடுத்தீர்களா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. கொடுத்திருந்தால் தயங்காமல் அட்டையை முடக்கச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டாலும், இந்த இரண்டு வாரத்தில் வீட்டு வைஃபையில் பயன்படுத்திய கடவுச்சொற்களை, வங்கியினுடையதையும் மின்னஞ்சலினுடையதையும் முதலாவதாக, டேட்டாவிலேயே மாற்றுங்கள். கணவர் அனுப்பும் பணம் வந்து சேரும் கணக்கு இதுதானென்றால் அவருக்கும் சொல்லிவையுங்கள்.

மகனின் போனையும் பாருங்கள். “டவுன்லோட்ஸ்” பகுதியில் அந்தக் கோப்பு இருந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள். செயலிகளின் பட்டியலில் அவன் அறியாத ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று அவனோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சந்தேகத்துக்கிடமாக ஒன்று இருந்தால், படங்களையும் பாடக்குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுதாக ரீசெட் செய்வதே பாதுகாப்பானது. பரீட்சை நெருங்கும் நேரத்தில் இது தொல்லைதான். என்றாலும், வங்கி அனுப்பும் ஒருதடவைக் கடவுச்சொல்லைப் படித்து இன்னொருவனுக்கு அனுப்பக்கூடிய செயலியொன்று வீட்டில் உள்ள போனில் இருப்பதைவிட, ஒரு மாலைப்பொழுது போவது பெரிதல்ல. அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். பாதுகாப்புக்காக என்று சொன்னதால்தான் அவன் அழுத்தினான்.

ரவுட்டருக்குள் என்ன நடந்திருக்கக்கூடும்

நீங்கள் வங்கியின் முகவரியை எழுத்தில் அடிக்கிறீர்கள். இணையமோ எண்களால் இயங்குகிறது. அந்தப் பெயருக்குரிய எண் எது என்று கேட்டறிவதற்கு டிஎன்எஸ் என்ற ஏற்பாடு உண்டு. எந்த டிஎன்எஸ் சேவையிடம் கேட்பது என்பதை வீட்டில் உள்ள போன்களுக்கும் கணினிகளுக்கும் ரவுட்டர்தான் சொல்லிக்கொடுக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் பஸ் நிலையத்தில் வழி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழி சொல்பவரையே ஒருவன் மாற்றிவிட்டால், வந்தவர் தவறான வீட்டுக் கதவைத் தட்டுவார். தட்டியது சரியான வீடு என்றும் நம்புவார். ரவுட்டரின் அமைப்புகளில் இரண்டே இரண்டு எண்களை மாற்றினால் போதும், வீட்டிலுள்ள அத்தனை போன்களும் திருடன் காட்டும் வழியில் போகும்.

இது கற்பனையில் அஞ்சுவதல்ல. 2011ஆம் ஆண்டளவில் பிரேசிலில், சில மோடங்களின் ஃபேர்ம்வெயரிலிருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, ஏறத்தாழ 45 இலட்சம் மோடங்களின் டிஎன்எஸ் எண்களை மாற்றினார்கள். வங்கிப் பக்கங்களைத் திறந்தவர்கள் போலிப் பக்கங்களுக்குப் போனார்கள். பிரபலமான தளங்களைத் திறந்தவர்களிடம், “இதை நிறுவுங்கள்” என்று ஒரு கோப்பும் நீட்டப்பட்டது. உங்கள் வீட்டில் நடப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே, முதலாவது திருத்தம்: போனில் தானாகத் திறக்கும் பக்கத்தின் வழியாக ரவுட்டருக்கு அப்டேட் வருவதில்லை. ரவுட்டரின் ஃபேர்ம்வெயர் ரவுட்டருக்கு உரியது. அதைப் போனில் செயலியாக நிறுவச் சொல்லும் எதுவும் ஏமாற்று. அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்குச் சொந்தமான ஒரு வாசல் உண்டு. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 போன்ற ஓர் எண்ணும், உள்நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். இதைப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு போனை மறுபடி வைஃபையில் இணையுங்கள். பிரவுசரில் அந்த எண்ணை நீங்களே அடித்துப் போகும் பக்கம்தான் ரவுட்டரின் உண்மையான பக்கம். அங்கே டிஎன்எஸ் என்ற இடத்தைப் பாருங்கள். தானியங்கி என்றிருந்தால் அது நிறுவனத்தின் சேவை. 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்றிருந்தால் அவை பலரும் நல்லெண்ணத்தோடு பயன்படுத்தும் பொதுச் சேவைகள். மருமகனே எப்போதாவது போட்டிருக்கலாம். வீட்டில் எவரும் போடாத வேறு எண்கள் இருந்தால், எதையும் மாற்றுமுன் அந்தப் பக்கத்தை இன்னொரு போனால் படம் எடுத்து வையுங்கள். பிறகு முறைப்பாடு செய்யும்போது உங்களிடம் இருக்கும் சாட்சி அந்தப் படம்தான்.

இன்னொன்றையும் கேட்கிறேன். அந்த ஸ்டிக்கரில் உள்ள கடவுச்சொல்லை மூன்று ஆண்டுகளில் ஒரு தடவையாவது மாற்றியிருக்கிறீர்களா? வைஃபைக்கு ஒரு கடவுச்சொல், ரவுட்டரின் பக்கத்துக்குள் நுழைய இன்னொரு கடவுச்சொல் என்று இரண்டு உண்டு. நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் முதலாவதை மாற்றியிருப்பார்கள். இரண்டாவது, கடையில் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். பூட்டிய வாசலுக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கும் ஜன்னல் அது.

“ஓடுகிற சாமானை ஏன் நோண்டவேண்டும்?”

உங்கள் மாமனாரின் சொல்லை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். தேயிலைத் தொழிற்சாலையின் உருளை இயந்திரத்துக்கு அது சரியான சொல். அந்த இயந்திரத்தின் பூட்டைத் திறக்க உலகின் மறுகோடியிலிருந்து இரவு பகலாக ஒருவரும் முயல்வதில்லை. ரவுட்டர் அப்படியல்ல. அது உங்கள் வீட்டுக்கும் உலகத்துக்கும் நடுவில் நிற்கிறது. அதன் ஃபேர்ம்வெயரில் ஓர் ஓட்டை இருப்பது வெளியே தெரிந்த நாளிலிருந்து, அதைத் தேடி அலையும் நிரல்கள் மலை, கடல் என்று பார்ப்பதில்லை. தொட்டாலும் தொடாவிட்டாலும் அந்த ஓட்டை இருக்கும். அடைக்க வழி அப்டேட் மட்டுமே.

“நிறுவனமே பார்த்துக்கொள்ளும்” என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதில் பாதி உண்மை உண்டு. நிறுவனங்கள் தாம் வழங்கிய ரவுட்டர்களைத் தூரத்திலிருந்தே நிர்வகிப்பதற்காக 2004இல் டிஆர்-069 என்ற பொது முறை வகுக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தும் நிறுவனம் உங்கள் வீட்டுக்கு வராமலே அப்டேட்டைச் செலுத்த முடியும். 2016 நவம்பரில் ஜேர்மனியின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமொன்றின் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் ஒரு தாக்குதலால் முடங்கியபோது, நிறுவனம் புதிய ஃபேர்ம்வெயரைத் தயாரித்து, ரவுட்டரை மின்சாரத்திலிருந்து கழற்றி மறுபடி மாட்டுமாறு மக்களிடம் கேட்டுக்கொண்டது. ஆனால் எல்லா நிறுவனமும், எல்லா மாதிரிக்கும், எல்லாக் காலமும் இதைச் செய்வதில்லை. உங்கள் ரவுட்டருக்குச் செய்கிறதா என்பதை ஊகிக்காமல் கேட்டறியுங்கள். ரவுட்டர் பக்கத்தில் உள்ள ஃபேர்ம்வெயரின் பதிப்பு இலக்கத்தைச் சொல்லி, “இந்த மாதிரிக்கு இதுதான் கடைசிப் பதிப்பா?” என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்றொரு பதில் வந்தே ஆகவேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அப்டேட் செய்தால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் கூடாது. மாலை 7 மணிக்குப் பிறகு மெதுவாவது, அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் அத்தனை வீடுகளும் ஒரே நேரத்தில் இணைப்பைப் பயன்படுத்துவதால் வருவது. மழைத்துளி 4ஜி அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. நனைந்த மரங்களும், அதைவிடக் கூடுதலாகக் கருங்கல் சுவரும் தகரக் கூரையும்தான் தடுக்கின்றன. ரவுட்டர் பக்கத்தில், கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற ஓர் எண் இருக்கும். −80ஐ அண்டியிருந்தால் நல்ல சிக்னல். −110க்குப் போனால் மோசம். அலுமாரி மேல் இருக்கும் ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலோரமாக நகர்த்திப் பாருங்கள். நான் அண்மையில் போன ஒரு லயன் வீட்டில், சுவரின் உட்பக்கத்தில் −108 ஆக இருந்தது, ஐந்தடி தள்ளி ஜன்னல் விளிம்பில் வைத்தபோது −91 ஆனது. மகனின் சூம் வகுப்புக்கு மருமகனின் ஃபேர்ம்வெயரைவிட இது நிச்சயமாக உதவும்.

மருமகன் சொல்லும் ஃபேர்ம்வெயர்

மருமகன் உங்களுக்கு நல்லது செய்யவே நினைக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதலாவதாக, வெளியார் ஃபேர்ம்வெயர் எல்லாமே கெட்டதல்ல. ஓபன்டபிள்யூஆர்டி போன்ற திறந்தமூலத் திட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நேர்மையாக நடந்துவருகிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ஆதரிக்கும் மாதிரிகளின் பட்டியல் வெளிப்படையாக இருக்கிறது. நிறுவனங்கள் தரும் 4ஜி ரவுட்டர்களில் பல அதில் இல்லை. மருமகன் சொல்வது, வேறு சிம்மை ஏற்காதபடி நிறுவனம் போட்ட பூட்டை யாரோ ஒருவர் நீக்கி, எங்கோ ஒரு தளத்தில் ஏற்றிவைத்த கோப்பு. அதில் பூட்டை நீக்கியவர் வேறு எதைச் சேர்த்தார் என்று மருமகனுக்குத் தெரிய வழியில்லை. இப்போதே ஒருவன் வழி மாற்றிக்கொண்டிருக்கும் வீட்டில், அறியாத இன்னொருவரிடம் சாவிக் கொத்தையே கொடுப்பதாகிவிடும்.

இரண்டாவதாக, ஒரே மாதிரிப் பெயரில் வன்பொருள் பதிப்புகள் பல உண்டு. ஸ்டிக்கரில் மாதிரி இலக்கத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு வேறானால், ஒன்றுக்குரிய கோப்பு மற்றதைச் செயலிழக்கச் செய்யலாம். தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கும் கோப்பு கூட, நிறுவனம் தனக்கென்று மாற்றியமைத்த ரவுட்டருக்குப் பொருந்தாமல் போகலாம். பொருந்தினாலும், நிறுவனத்தின் வலையமைப்போடு சேர்வதற்கான ஏபிஎன் என்ற பெயர் போன்ற அமைப்புகள் காணாமல் போகலாம். மூன்றாவதாக, நிறுவனம் தராத ஃபேர்ம்வெயரைப் போட்டபின் பழுதானால், உத்தரவாதம் கேட்டுப் போகும்போது உங்கள் கையில் வாதம் எதுவும் மிஞ்சாது. மருமகனின் உதவியை வேறு விதமாகப் பெறுங்கள்: கீழே சொல்லும் வேலைகளை உங்களோடு உட்கார்ந்து செய்து தரட்டும். கடைக்கு எடுத்துப் போக வேண்டாம், வீட்டுக்கு வரட்டும்.

அப்டேட்டை எப்போது, எப்படிச் செய்வது

கொட்டகலையில் தங்கை வீட்டில் நடந்ததுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. என்ன நடந்தது என்பதைச் சொன்னால் பயம் சரியான இடத்தில் நிற்கும். ரவுட்டரின் ஃபேர்ம்வெயர் ஃபிளாஷ் என்ற நினைவகத்தில் இருக்கிறது. புதியதை எழுதுமுன் பழையதை அழிக்க வேண்டும். கூரைத் தகரத்தைக் கழற்றிய பின், புதிய தகரம் போடுமுன் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு என்ன ஆகுமோ, எழுதும் அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் ரவுட்டருக்கும் அதுதான் ஆகிறது. சில ரவுட்டர்களில் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றதில் எழுந்துவிடும். உங்களுடையது அப்படிப்பட்டதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாததால், அப்படியல்ல என்றே வைத்துக்கொண்டு நடப்போம். தங்கையின் ரவுட்டரைக் கெடுத்தது அப்டேட் அல்ல; ஒக்டோபர் மாதத்து மாலை நேரம்.

நம் மலைகளில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பகல் தாண்டினால் இடி மின்னல் வருவது எல்லோரும் அறிந்தது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவதும் அறிந்ததே. ஆகையால் விடியற்காலை 6 மணியளவில், வானம் தெளிவாக உள்ள ஒரு நாளில் செய்யுங்கள். முதல் நாள் மின்சார சபை அறிவித்த மின்தடை ஏதும் உங்கள் பகுதிக்கு உண்டா என்று பாருங்கள். அதற்கும் மேலாக, கரண்ட் போனாலும் பற்றரியில் ரவுட்டரை ஓடவைக்கும் சிறிய மினி யுபிஎஸ் ஒன்றை வாங்குமாறு வற்புறுத்துகிறேன். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த ஆண்டில்தான் இது பல வீடுகளுக்கு வந்தது. வாங்கும்போது ரவுட்டரின் அடப்டரைக் கையோடு கொண்டு போங்கள். அதில் 12 வோல்ட் என்றிருந்தால் யுபிஎஸ் வெளியீடும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். அம்பியர் அளவு அடப்டரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. பிளக்கின் நடு முனை நேர் முனையா என்பதைக் காட்டும் சிறு குறியும் ஒத்திருக்க வேண்டும். மாட்டிய பிறகு சுவர் சுவிட்சை ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். ரவுட்டரின் விளக்குகள் சிமிட்டாமல் அப்படியே எரிந்தால் சரி. பத்து நிமிடம் அந்த நிலையில் விட்டு, பற்றரி தாங்குகிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் வீட்டு நிலைமையில், வழக்கமான ஒழுங்கைச் சிறிது மாற்ற வேண்டும். பலர் முதலில் அப்டேட், பிறகு மற்றவை என்பார்கள். டிஎன்எஸ் மாற்றப்பட்டிருக்கும் ரவுட்டரில் நான் முதலில் ரீசெட் செய்வேன். வழி சொல்பவன் திருடனாக இருக்கும்போது அவனிடமே அப்டேட்டுக்கு வழி கேட்கக் கூடாது. ரீசெட்டும் அப்டேட்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கே தெளிவுபடுத்துகிறேன். ரீசெட், அமைப்புகளை மட்டும் வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுபோகிறது. ஃபேர்ம்வெயர் அப்படியே இருக்கும். அப்டேட், ஃபேர்ம்வெயரை மாற்றுகிறது. ஆனால் திருடன் போட்ட டிஎன்எஸ் எண்கள் அப்டேட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கக்கூடும். உங்களுக்கு இரண்டும் தேவை.

ரீசெட் செய்யுமுன் ஏபிஎன் உள்ள பக்கம், வைஃபை பக்கம், கமெராவுக்காக ஏதாவது அமைத்திருந்தால் அந்தப் பக்கம் ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். ரவுட்டரின் பின்புறத்தில் ரீசெட் என்ற சிறு துளைக்குள் ஊசி முனையால் சுமார் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், எல்லா விளக்குகளும் ஒரு தடவை அணைந்து எழும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஸ்டிக்கரில் உள்ளவையாக மாறியிருக்கும். உடனே உள்நுழைந்து, இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டாம். ஒரு தாளில் எழுதி, வங்கிப் புத்தகத்தோடு வையுங்கள்.

பிறகு மடிக்கணினியை லான் கம்பியால் ரவுட்டரோடு இணையுங்கள். கணினியில் பற்றரி நிறைந்திருக்கட்டும். ரவுட்டர் பக்கத்தில் சாதன நிர்வாகம் அல்லது சிஸ்டம் என்ற பகுதியின் கீழ் அப்டேட் இருக்கும். அங்கே புதிய பதிப்பு காட்டினால் அதை அழுத்துங்கள். நிறுவனம் கோப்பாகத் தந்தால், அது ஸிப் கோப்பாக இருக்கும்போது பிரித்தெடுத்து உள்ளேயுள்ள கோப்பையே ஏற்ற வேண்டும். அழுத்திய பிறகு ஐந்து, சில வேளை பத்து நிமிடம். அந்த நேரத்தில் பக்கத்தை மூடாதீர்கள், ரவுட்டரைத் தொடாதீர்கள். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணையும், ஒன்று மட்டும் வேகமாகச் சிமிட்டும், திரை உறைந்ததுபோல் தோன்றும். போய்விட்டது என்று பதறி அடப்டரைக் கழற்றுவது அந்தக் கணத்தில்தான் நடக்கிறது. அரை மணி நேரம் கடந்தும் எழவில்லையென்றால் மட்டுமே கழற்றி மாட்டிப் பாருங்கள். அப்போதும் எழாவிட்டால் பெட்டியைத் திறக்காமல் நிறுவனத்தின் கிளைக்குக் கொண்டு போங்கள்.

எழுந்தபின் பதிப்பு இலக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். டிஎன்எஸ் தானியங்கியாக இருக்கிறதா, ரவுட்டரின் பக்கத்தை வெளி இணையத்திலிருந்து திறக்கும் வசதி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வைஃபை கடவுச்சொல்லை அடிக்காமல், பொத்தானாலோ பின் இலக்கத்தாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் முறையை நிறுத்துங்கள். அதிலுள்ள பின் இலக்கத்தின் பலவீனம் 2011 இறுதியிலேயே வெளிவந்துவிட்டது. கமெராவின் கடவுச்சொல்லையும் இதோடு மாற்றி, புதியதைக் கணவருக்குப் பேசிச் சொல்லுங்கள், செய்தியாக அனுப்ப வேண்டாம்.

பழுதானால் யார் பொறுப்பு, யாரிடம் போவது

இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. ரவுட்டர் உங்களுக்கு விற்கப்பட்டதா, இணைப்போடு பாவனைக்குத் தரப்பட்டதா என்பதை முதலில் ஒப்பந்தத் தாளில் பாருங்கள். நிறுவனத்தின் சொத்தென்றால் அதைப் பேணும் பொறுப்பில் நிறுவனத்துக்கும் பங்குண்டு. அப்டேட் செய்ய உங்களுக்கு அனுமதி உண்டா என்றும் கேட்க வேண்டும். உங்கள் சொத்தென்றால், மூன்று ஆண்டு கடந்த நிலையில் உத்தரவாதம் முடிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எதுவானாலும், அப்டேட்டுக்கு முன்னர் நிறுவனத்துக்கு அழைத்து, மாதிரியையும் பதிப்பையும் சொல்லி, “செய்யலாம்” என்ற பதிலையும், முறைப்பாட்டு இலக்கத்தையும், திகதி நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் சொற்படி நிறுவனத்தின் கோப்பைப் போட்டுப் பழுதானது என்பதற்கும், தானாக எதையோ போட்டுப் பழுதானது என்பதற்கும் பேசும்போது பெரிய வித்தியாசம் உண்டு.

நிறுவனம் எழுத்து மூலமான முறைப்பாட்டுக்கும் பதில் தராவிட்டால், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் போகலாம், இலக்கம் 1900. அது அரச நிறுவனம். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் மொழிகள் பற்றிய நான்காம் அத்தியாயம் உங்களுக்கு உரிமை தருகிறது. ஆங்கிலத்தில் எழுதித்தர ஆள் தேடி நாட்களைக் கடத்த வேண்டாம். மினி யுபிஎஸ் போல கடையில் வாங்கும் பொருளுக்குப் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். குறையிருந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம், வாங்கி மூன்று மாதத்துக்குள், எழுத்தில் முறையிட வேண்டும், இலக்கம் 1977.

டிஎன்எஸ் எண்களை மாற்றியவனின் செயல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றம். நீங்கள் எடுத்துவைத்த படத்தோடு, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழையுங்கள். பணம் போயிருந்தால் வங்கியோடு நிற்காமல் பொலிஸிலும் முறைப்பாடு பதியுங்கள். வங்கி பிறகு அதன் பிரதியைக் கேட்கும்.

நிறுவனம், “இந்த மாதிரிக்கு இனி அப்டேட் வராது” என்று சொன்னால், ரவுட்டரை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். புதியதை வாங்கும்போது விலையோடு சேர்த்து, “எந்த ஆண்டுவரை அப்டேட் தருவீர்கள்?” என்றும் கேளுங்கள். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், தயாரிப்பாளர்கள் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது. இங்கே அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திராமல் நாமே கேட்டுப் பழகலாம்.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து, ஒரு காலையில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து டிஎன்எஸ் எண்களை மறுபடி பாருங்கள். தானியங்கியாகவே இருந்தால் கதவு பூட்டியபடி இருக்கிறது. மாறியிருந்தால் ரவுட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு படங்களையும் இணைத்து எனக்கு எழுதுங்கள். மகனின் வகுப்புகளை அதுவரை போனின் டேட்டாவில் நடத்திக்கொள்ளலாம்.